ஹாம் ரேடியோ இதழ்களில் வரும் ரிக் விமர்சனங்களை நம்பி வாங்கலாமா?

இப்போதுதான் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கிடைத்திருக்கிறது, முதல் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி) வாங்கப் போகிறேன், ஆனால் எந்தக் கம்பெனி விளம்பரம் தருகிறதோ அதே கம்பெனியின் ரிக்கைத்தானே இதழில் பாராட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் விமர்சனத்தில் அப்பட்டமான பொய்யை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னை ஏமாற்றியதெல்லாம் விமர்சகர்கள் அளக்காமல் விட்டவைதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு இதழில் குட்டை ஆன்டெனா ஒன்றைப் பற்றிப் படித்தேன். மொட்டை மாடியில் இடம் குறைவு என்பதால் எனக்கென்றே செய்தது போலத் தோன்றியது. எல்லா பேண்டிலும் (அலைவரிசைத் தொகுதியிலும்) எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குள் என்று வரைபடமே போட்டிருந்தார்கள். அனுப்பும் பவரில் எவ்வளவு ரிக்குக்கே திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ஊருக்கு வந்த உறவினர் மூலம் வரவழைத்தேன். மாட்டிப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். அவர்கள் சொன்னபடியே இருந்தது. ஆனால் 40 மீட்டர் பேண்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டை வறண்டதுதான் மிச்சம், பதிலே இல்லை. அப்புறம் 20 மீட்டர் நீளச் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, சாதாரண டைபோலாக (நடுவில் கேபிள் இணைக்கும் இரு கைக் கம்பி ஆன்டெனாவாக) கட்டினேன். அன்று மாலையே பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் பேசினேன்.

விமர்சகர் பொய் சொல்லவில்லை. ரிக்கைச் சோதிக்க ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடு என்ற மின்தடைக்குக்கூட எஸ்.டபிள்யூ.ஆர். 1:1தான், அது எதையும் வானத்துக்கு அனுப்புவதில்லை. கொடுத்த பவரில் எவ்வளவு வெளியே போகிறது, ஒரு டைபோலோடு ஒப்பிட்டால் எப்படி என்று அவர் பார்க்கவே இல்லை. அதைக் கவனிக்காமல் வாங்கியது நான்தான். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். நடத்தும் க்யூ.எஸ்.டி. இதழ், ஆன்டெனா விளம்பரங்களில் ‘கெயின்’ (ஒரு திசையில் சிக்னலை எவ்வளவு கூட்டுகிறது என்ற) எண் போட நீண்ட காலம் அனுமதிக்காததன் அருமை அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த க்யூ.எஸ்.டி.யின் விமர்சனங்களை நான் தைரியமாகப் படிப்பேன். 1915-இல் தொடங்கிய இதழ். ரிக் கம்பெனிகளின் விளம்பரம் அதிலும் பக்கம் பக்கமாக உண்டு. ஆனால் விமர்சனத்துக்கு எடுக்கும் ரிக்கை நம்மைப் போலவே கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கம்பெனி பொறுக்கி எடுத்து அனுப்பிய பீஸாக அது இருக்க வாய்ப்பில்லை. நியூயிங்டனில் உள்ள சொந்த ஆய்வகத்தில் அளந்து எண்களை அச்சிடுகிறார்கள். கடன் வாங்கிய ரிக்கை ஒரு வாரம் வைத்திருந்து ‘அற்புதம்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அப்படிப்பட்ட அளவீடுகூட ஒரு காலத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1970-களில் டிரேக் ஆர்-4சி என்ற ரிசீவருக்கு (கேட்க மட்டும் உதவும் கருவிக்கு) நல்ல பெயர். ராப் ஷெர்வுட் என்ற அமெரிக்க ஹாம் அதை வாங்கி 160 மீட்டர் பேண்டில் நடந்த மோர்ஸ் போட்டியில் உட்கார்ந்தபோது, பக்கத்துப் பலமான சிக்னல்களில் ரிசீவர் திணறியது. அன்றைய வழக்கப்படி, குறுக்கிடும் சிக்னலை 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துத்தான் சோதிப்பார்கள். போட்டியிலோ அடுத்தவர் 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருப்பார். ஆர்-4சியில் வேண்டாத சிக்னலைத் தடுக்கும் முதல் ஃபில்டர் 8 கிலோஹெர்ட்ஸ் அகலம். அந்த அகலத்துக்குள் வருவதெல்லாம் அடுத்த மிக்சருக்குள் (சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றும் சுற்றுக்குள்) நுழைந்துவிடும். 2 கிலோஹெர்ட்ஸில் வைத்து அளந்தபோது அதன் டைனமிக் ரேஞ்ச், அதாவது பலமான சிக்னல்களுக்கு நடுவிலும் பலவீனமானதைக் கேட்கும் திறன், 60 டெசிபெல்லைக்கூடத் தொடவில்லை. இதை அவர் 1977-இல் எழுதினார். பிற்காலத்தில் ஏ.ஆர்.ஆர்.எல். ஆய்வகமும் 5, 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிகளில் அளந்து வெளியிட ஆரம்பித்தது. குறையைச் சரிசெய்யும் ஃபில்டரை ஷெர்வுட்டே விற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எப்படி அளந்தார் என்பதைத் திறந்து வைத்தார், வேறு யார் வேண்டுமானாலும் அதேபோல அளந்து பார்க்கலாம். அதனால்தான் அவர் பேச்சு நின்றது.

ஆகவே ரிக்கின் ரிசீவர் பகுதியில் நான் முதலில் பார்ப்பது 2 கிலோஹெர்ட்ஸில் அளந்த டைனமிக் ரேஞ்ச் எண். 85 டெசிபெல் அளவில் இருந்தாலே பெரும்பாலான நேரம் தாராளம், அதைவிடப் பெரிய எண்ணைத் தேடிச் செலவழிக்காதீர்கள். எண்ணே கொடுக்காத விமர்சனத்தை, மெனு எப்படி, டயல் எப்படி என்று தெரிந்துகொள்ள மட்டும் படிப்பேன்.

எந்த இதழும் அளக்க முடியாத ஒன்று உங்கள் வீட்டு இரைச்சல். இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்ப், தெருவில் போகும் மின்கம்பி எல்லாம் சேர்ந்து ரிக்கின் சிக்னல் மீட்டரை எஸ்-7-இல் (1 முதல் 9 வரையிலான அளவில் 7-இல்) நிறுத்தினால் எந்த விலை ரிக்கும் அதே இரைச்சலைத்தான் கேட்கும். அதனால் பணம் கட்டும் முன் தெரிந்த ஹாம் ஒருவரிடம் பேட்டரியில் ஓடும் சின்ன ரிசீவரை இரவல் வாங்கி, ஒரு கம்பியைக் கட்டி, சாயங்காலம் ஏழு மணிக்கு 40 மீட்டர் பேண்டில் உள்ள 7.1 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள். பிறகு மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் அது உங்கள் வீட்டிலிருந்தே வருகிறது.