காப்பீட்டு கார்டை எந்த டாக்டர் வாங்குவார்? வடசென்னைக் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கார்டை நீட்டி வந்தவர்கள், கார்டு இருந்தும் காசு கட்டிவிட்டுப் போனவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. கேட்டிருக்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: அண்ணே, எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால், இது இங்கே செல்லாது என்று 300 ரூபாய் வாங்கினார்கள். இந்தக் கார்டை எடுத்துக்கொள்கிற குடும்ப டாக்டர் எங்கே இருக்கிறார்?

எங்கேயும் இல்லைம்மா. கிளினிக்காரர் ஏமாற்றவில்லை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்கிறார்களே, அது ஆபரேஷன், ஸ்டென்ட், டயாலிசிஸ், புற்றுநோய் மாதிரி பட்டியலில் இருக்கிற பெரிய சிகிச்சைகளுக்கு. காய்ச்சல், சளி, மாதாமாதம் வாங்குகிற மாத்திரை இதற்கெல்லாம் அதிலிருந்து ஒரு பைசா வராது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது.

கார்டு வாங்குகிற டாக்டரை விடுங்கள், காசே வாங்காத டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று, அதைவிடச் சின்னதாக நகர்ப்புற நலவாழ்வு மையம் ஒன்று. நலவாழ்வு மையத்தில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று சின்ன இடம்தான், காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரை. நாலு தடவை போனால் அந்த டாக்டருக்கே உங்கள் குழந்தையின் முகம் பழகிவிடும். குடும்ப டாக்டர் என்றால் அதுதானே?

மணலி, கம்பெனி வேலை: எனக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். டிஸ்பென்சரியில் கூட்டம், அரை நாள் போய்விடுகிறது. பக்கத்துத் தனியார் டாக்டரிடம் காட்டிவிட்டு பில் கொடுத்தால் பணம் வருமா?

சாதாரண வைத்தியத்துக்கு அந்த வழியை நம்பாதீர்கள் தம்பி. ஆனால் உங்கள் கையில் இருப்பது முதலமைச்சர் கார்டைவிட ஒருவகையில் பெரிய பொருள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் போட்டு நடக்கிற திட்டம் இது. காய்ச்சல் மாத்திரை முதல் ஆபரேஷன் வரை எல்லாம் இதில் அடக்கம். மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் உண்டு. அரசுக் காப்பீட்டில் குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருந்தால் அது இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர்தான். பெரிய வியாதி என்றால் அவர் எழுதிக்கொடுத்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்.

இன்னொன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். உடம்பு முடியாமல் லீவு போட்டால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில், அதாவது பணம் கட்டுகிற ஆறு மாதக் கணக்கில், 78 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும், சர்ட்டிபிகேட்டும் இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுத்ததாக இருக்க வேண்டும். தெரு டாக்டர் எழுதியதை வைத்துக்கொண்டு அலைந்து பயனில்லை. வீடு மாறியிருந்தால் கம்பெனி ஹெச்.ஆரிடம் சொல்லி டிஸ்பென்சரியையும் மாற்றிக்கொள்ளுங்கள், பழைய இடத்துக்கே பஸ் ஏற வேண்டாம்.

காசிமேடு: அப்பாவுக்கு சுகர், பிபி. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்விடுவார். மாத்திரை வாங்க வரிசையில் நிற்க ஆள் இல்லை.

2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் இதற்காகத்தான். முதலில் ஒருமுறை சுகாதார நிலையத்தில் காட்டிப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கு வரும். மாத்திரை வருகிறதே என்று டாக்டரைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அளவு மாற்ற வேண்டுமா என்று அவர்தான் சொல்ல முடியும்.

வியாசர்பாடி: எங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு கார்டே இல்லை. புரோக்கர் 2,000 கேட்கிறார்.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் போதும். இந்த வரம்பு முன்பு 72,000ஆக இருந்தது. அப்போது முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி முயற்சி செய்யுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், அப்புறம் அதோடு ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நான் பார்த்த வரை அட்மிஷன் சமயத்தில் தகராறு கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

திருவொற்றியூர்: கார்டு செல்லும் என்று சொல்லி அட்மிட் பண்ணிவிட்டு, முன்பணம் 20,000 கட்டு என்கிறார்கள். எங்கள் குடும்ப டாக்டர்தான் அங்கே அனுப்பினார்.

அனுமதி வந்த சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது, அது பணமில்லாச் சிகிச்சை. எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள், பாதி நேரம் அங்கேயே குரல் இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் அந்த இடத்திலிருந்தே முதலமைச்சர் காப்பீட்டின் உதவி எண் 1800 425 3993க்குப் போன் போடுங்கள், இலவசம். நான் வேலை பார்த்த இடத்திலும் இந்த வேலை நடந்தது, நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. அப்புறம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் இந்தக் கார்டு செல்லும். கார்டு என்றாலே தனியார் என்று நினைக்க வேண்டாம்.

எண்ணூர்: கன்டெய்னர் லாரி இடித்தால் கார்டு தேடிக்கொண்டா இருப்பது?

வேண்டாம். 108. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம்.

பழைய வண்ணாரப்பேட்டை: முன்பெல்லாம் எங்கள் ஏரியாவில் அஞ்சு ரூபாய் டாக்டர் இருந்தார். இப்போது தனியாரில் நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஏரியா ஜெயச்சந்திரன் டாக்டர் 2018இல் காலமானார், வியாசர்பாடி திருவேங்கடம் டாக்டர் 2020இல். அந்த விலைக்கு இனி ஆள் தேட வேண்டாம். நான் பார்ப்பது இதுதான்: சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, போன தடவை எழுதியதைத் திருப்பிப் பார்க்கிறாரா, தும்மலுக்கெல்லாம் ஊசி எடுக்கிறாரா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, உங்களிடம் என்ன கார்டு என்று கேட்டு, அது செல்லுகிற இடத்துக்கு லெட்டர் எழுதுகிறாரா. கேட்காமலே ஒரே ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்கிறவரிடம் நான் இரண்டாவது தடவை போக மாட்டேன்.