எல்லையில் படை குவியும்போது பிள்ளையை எப்போது அழைத்துக்கொள்வது?

கேள்வி: என் மகள் வெளிநாடொன்றில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்நாட்டின் எல்லையில் அண்டை நாடு படைகளைக் குவித்துவருகிறது. கேட்டால் வழக்கமான பயிற்சிதான் என்கிறது. வகுப்புகளைத் தவறவிடக் கூடாது என்று கல்லூரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. போர் வருமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? அவளை எப்போது வரச்சொல்வது?

பதில்: போர் தொடுப்பதா வேண்டாமா என்னும் முடிவு ஆட்சியாளரின் மனத்தில் இருப்பது, அதை வெளியிலிருந்து எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால், அந்த முடிவை நிறைவேற்றும் நிலைக்குப் படை வந்துவிட்டதா என்பதைப் பெருமளவு கணிக்கலாம்.

செய்திகளில் முதலில் கண்ணில் படுவது வீரர்களின் எண்ணிக்கைதான். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டதை அடுத்து, இந்தியா ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்ற பெயரில் இலட்சக்கணக்கான வீரர்களை மேற்கு எல்லையில் ஏறத்தாழ பத்து மாதங்கள் நிறுத்தியிருந்தது. போர் இல்லாமலே அவர்கள் திரும்பினார்கள். மாறாக, 2021 வசந்தத்தில் உக்ரைன் எல்லையருகே படைகளைக் குவித்த ரஷ்யா, ஏப்ரல் 22 அன்று அவை முகாம்களுக்குத் திரும்பும் என்று அறிவித்ததும் நெருக்கடி தீர்ந்தது என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் சைபீரியாவிலிருந்து வந்திருந்த 41ஆம் படைப்பிரிவின் கனரகத் தளவாடங்கள் மேற்கு ரஷ்யாவின் வரோனெஷ் நகர் அருகிலுள்ள பகோனவோ பயிற்சித் திடலிலேயே விட்டுவைக்கப்பட்டன. ஆட்களைச் சில நாட்களில் திரும்ப அழைத்துவந்துவிடலாம்; டாங்கிகளையும் பீரங்கிகளையும் அவ்வளவு தொலைவு கொண்டுவரத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

ஆகவே, பயிற்சிக்குத் தேவைப்படாத பொருட்கள் எல்லைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். 2022 ஜனவரி இறுதியில், உக்ரைன் எல்லையருகே மீண்டும் குவிந்திருந்த ரஷ்யப் படைகளுக்கு இரத்தம் அனுப்பப்படுவதாக அமெரிக்க அதிகாரிகள் கூறியதாகச் செய்தி வந்தது. குளிரூட்டி வைத்தாலும் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஆறு வாரங்களே தாங்கும் என்பதால், வெறும் மிரட்டலுக்காக யாரும் அதை எல்லையில் சேமித்துவைப்பதில்லை. பிப்ரவரி நடுவில், ரஷ்யாவின் நட்பு நாடான பெலாரூஸில் உக்ரைன் எல்லைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பிரிப்யாத் ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் முளைத்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதே நாட்களில்தான், படைகள் திரும்புகின்றன என்று காட்ட, கிரிமியாவிலிருந்து டாங்கிகள் ரயிலேறிச் செல்லும் காணொளியை ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்டது. ரயில் புறப்பட்டது தெரிந்ததே தவிர, எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியவில்லை. பெலாரூஸில் பிப்ரவரி 20 அன்று முடிய வேண்டிய ரஷ்ய-பெலாரூஸ் கூட்டுப் பயிற்சி, அன்றே நீட்டிக்கப்பட்டது. என் மதிப்பீட்டில், அறிவித்த நாளில் முடியாத பயிற்சியே எல்லாவற்றிலும் கடுமையான அறிகுறி. பிப்ரவரி 24 விடியலில் படையெடுப்பு தொடங்கிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இதிலிருந்தே வருகிறது: உறுதியான அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் விமானம் இருக்காது. உக்ரைன் தலைநகர் கீவிலிருந்த இந்தியத் தூதரகம் பிப்ரவரி 15 அன்றே, தங்கியிருப்பது கட்டாயமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று அறிவுறுத்தியது. இணையவழி வகுப்பு நடக்குமா என்று மாணவர்கள் ஓயாமல் விசாரித்ததால், பல்கலைக்கழகத்தின் உறுதிமொழிக்குக் காத்திராமல் கிளம்புமாறு 22 அன்று மீண்டும் சொல்ல நேர்ந்தது. 24 அன்று வான்வெளி மூடப்பட, கீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் டெல்லிக்குத் திரும்பியது. தமிழ்நாட்டு மாணவர்கள் உள்படப் பல்லாயிரம் பேர் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளுக்கு அலைந்தார்கள். சுமி நகரில் சிக்கியவர்கள் மார்ச் 8 வரை வெளியேற முடியவில்லை.

உள்ளூர் அரசின் அமைதிப் பேச்சையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மக்கள் பீதியடைந்தால் பொருளாதாரம் குலையும் என்பதால், உக்ரைன் தலைமையும் ஜனவரி இறுதியில் பதற்றம் வேண்டாம் என்றே வலியுறுத்தியது. போருக்கு ஆள் சேர்க்கும் பொது அணிதிரட்டலைப் படையெடுப்பு நாளில்தான் அறிவித்தது.

எனவே, உங்கள் மகள் தூதரகத்தில் பெயரைப் பதிந்திருக்கிறாளா என்று இன்றே கேளுங்கள். கடவுச்சீட்டும் மூலச் சான்றிதழ்களும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால், ஏதேனும் காரணம் சொல்லித் திரும்பப் பெறச் சொல்லுங்கள். கொஞ்சம் டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். ‘கட்டாயமில்லாதவர்கள் வெளியேறலாம்’ என்ற முதல் அறிவிப்பு வந்ததும், அந்த வாரமே விமானம் ஏறிவிட வேண்டும்; இரண்டாம் அறிவிப்பு வரும்போது பயணச்சீட்டின் விலையும் ஏறியிருக்கும், இடமும் இருக்காது. இணையவழி வகுப்பைத் தேசிய மருத்துவ ஆணையம் நேரடி வகுப்புக்கு ஈடாகப் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், விடுப்பை எழுத்துப்பூர்வமாகப் பெற்று, விடுபட்ட செய்முறை வகுப்புகளைப் பின்னர் நேரில் முடிக்க அனுமதி கேட்பதே சரி. அவள் இருக்கும் ஊர் பதற்றமான எல்லைக்கு அருகில் என்றால், அறிவிப்பு வரும்வரைகூட இருக்க வேண்டாம். நாட்டின் மறுகோடியில் தோழியர் யாரேனும் இருந்தால் இப்போதே அங்கே போய்த் தங்கட்டும்.