கல்முனை வெக்கையில் ஒழுகும் வேப்

தம்பி, பைக் சீட்டுக்கு அடியில் வைத்த வேப் (மின் சிகரெட்) ஒழுகுகிறது, சார்ஜும் அரை நாளில் இறங்குகிறது என்று கேட்டிருந்தீங்கள். ஒழுகலுக்குப் பெரும்பாலும் வெக்கைதான் காரணம். சூட்டில் உள்ளே இருக்கும் நிக்கொட்டின் திரவம் இளகி, கொயிலின் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளின்) பஞ்சைத் தாண்டி வடியும். மேற்பகுதியைக் கழற்றி உலோக முனைகளைப் பாருங்கள். கல்முனை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையையும் கழுவிவிடுங்கள், நிக்கொட்டின் தோலாலும் உள்ளே போகும்.

எனக்குப் பயம் பற்றரியில்தான். லித்தியம் பற்றரி வெயிலில் நிற்கும் பைக்குக்குள் கிடக்கவே கூடாது. உப்பியிருந்தாலோ, சார்ஜில் கை சுடும் அளவு கொதித்தாலோ அதற்கு இனி ஒரு தரமும் சார்ஜ் போடாதீங்கள். சரி, அப்படி இல்லையென்றால் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரில், நீங்கள் முழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள்.