இரண்டு மாறி, இரண்டு சமன்பாடு வரும் கணக்கை நீக்கல் முறையில் (ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒரு மாறியை ஒழிப்பது) போட்டால் எனக்கு எப்போதும் குறி தப்பாகிறது. எல்லாக் கணக்கையும் பிரதியிடல் முறையிலேயே (ஒரு மாறியை மற்றதால் எழுதி அடுத்த சமன்பாட்டில் போடுவது) போட்டுவிடலாமா?

நீங்கள் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிறீர்கள், காலாண்டுத் தாள் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. ஐந்து மார்க் கணக்கு, ஒரே ஒரு குறி தப்பு. ஸ்டெப் மார்க் கூட இல்லாமல் முழுசாக அடித்துவிட்டார் எங்கள் சார். சரி, அதை விடுங்கள்.

போடலாம். ஏதாவது ஒரு மாறியின் கெழு (அதன் முன்னால் நிற்கும் எண்) 1 என்றால் பிரதியிடல்தான் சுலபம். இல்லையென்றால் பெரும்பாலும் பின்னம் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஆனால் உங்கள் சிக்கல் முறையில் இல்லை, கழிக்கும் இடத்தில் இருக்கிறது. இதை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் எங்கள் ஊரில் வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்துக்கு சேர், டேபிள், அண்டா, ஜமக்காளம் போகும். வாடகை எல்லாம் முதலாளிக்கு மனப்பாடம். பில் புத்தகத்தில் எத்தனை சேர், எத்தனை டேபிள், மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். தைப்பூசத்துக்கு அவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டார், போனை எடுக்கவில்லை. அன்று பார்த்து ஒருவர் வந்து, "தம்பி, 100 சேர், 25 டேபிள் வேணும், எவ்வளவு ஆகும்?" என்று நிற்கிறார்.

பழைய பில்லைப் புரட்டினேன். 100 சேர், 15 டேபிள், 1700 ரூபாய். இன்னொன்று 200 சேர், 30 டேபிள், 3400. முதலாவதை இரண்டால் பெருக்கிக் கழித்தால் 0 = 0. 'எண்ணற்ற தீர்வுகள்' என்று மனப்பாடம் பண்ணியது அப்போதுதான் விளங்கியது. ஒரே பில்லை இரண்டு தரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் புதிதாக என்ன தெரியும்?

வேறு இரண்டு எடுத்தேன். 150 சேர், 20 டேபிள், 2400. 250 சேர், 30 டேபிள், 3800. பத்தால் வகுத்து, சேருக்கு 'சே', டேபிளுக்கு 'டே' என்று எழுதினேன். திட்டுகிற மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை.

15சே + 2டே = 240
25சே + 3டே = 380

மேலதை 3ஆல், கீழதை 2ஆல் பெருக்கினால் இரண்டிலும் 6டே.

45சே + 6டே = 720
50சே + 6டே = 760

சார் சொல்லிக்கொடுத்தபடி கீழே அடைப்புக்குறிக்குள் மைனஸ், மைனஸ் போட்டேன். சமக்குறிக்கு அந்தப் பக்கம் போட மறந்துவிட்டேன். –5சே = 1480. ஒரு சேர் –296 ரூபாய். அதாவது சேர் எடுத்துப் போகிறவருக்கு நாங்கள் 296 ரூபாய் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். காலாண்டில் செய்த அதே தப்பு. அங்கே எண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இங்கே ஆள் எதிரில் நிற்கிறார்.

அப்புறம் கழிப்பதையே விட்டுவிட்டேன். கீழதை 2க்குப் பதில் –2ஆல் பெருக்கினேன்: –50சே – 6டே = –760. பெருக்கும்போது மூன்று இடத்திலும் குறி தானாக மாறிவிடுகிறது. பிறகு வெறும் கூட்டல். –5சே = –40, சேர் 8 ரூபாய். அதை 15சே + 2டே = 240இல் போட்டால் டேபிள் 60. "2300 ஆகும் அண்ணே" என்றேன். இன்று வரை இப்படித்தான் போடுகிறேன்.

கமெண்டில் அணிக்கோவை, கிராமர் விதி என்று வேறு வழிகளோடு வரப்போகிறவர்களுக்கு: தெரியும், நானும் படித்தேன். கேட்டவருக்குக் குறிதான் பிரச்சினை.

பெருக்காமலே முடிகிற கணக்கும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற கணித அறிஞர் கணிதசாரசங்கிரகம் என்ற தன் நூலில் போட்டது: ஒரு எலுமிச்சை வகைப் பழம் 9, விளாம்பழம் 7, விலை 107. அதே பழம் 7, விளாம்பழம் 9 என்றால் 101. இரண்டையும் கூட்டி 16ஆல் வகுத்தால் விலைகளின் கூடுதல் 13. கழித்து 2ஆல் வகுத்தால் வித்தியாசம் 3. ஒன்று 8, மற்றது 5. இதைப் பிரதியிடலில் போட்டுப் பாருங்கள், இரண்டாம் வரியிலேயே கீழே ஒன்பதோடு பின்னம் வந்து நிற்கும்.

விடையை வேறொரு பில்லில் சரிபார்த்ததுதான் எனக்கு வினையாயிற்று. 120 சேர், 10 டேபிளுக்கு 1560 வர வேண்டும், பில்லில் 1460. 250 சேர் பில்லுக்குப் பதில் இதை எடுத்திருந்தால் சேர் 5 ரூபாய் 78 பைசா என்று விடை வந்திருக்கும், நானும் சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் ஒரே வாடகை என்பது நானாக வைத்துக்கொண்ட நம்பிக்கைதானே.

முதலாளி மொட்டைத் தலையோடு வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "மச்சானுக்கு நூறு ரூபாய் குறைச்சது உனக்கு யாருடா சொன்னா?" யாரும் சொல்லவில்லை என்றால் நம்பவில்லை. மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போன 120 சேரில் 113தான் திரும்பி வந்தது. அந்த ஏழு சேரின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்.