கிணறும் ஸ்கூட்டரும்: மாரிக்கு முன் செய்ய வேண்டியவை

வணக்கம் தங்கச்சி. நல்லூரில் பழைய ஓட்டு வீடு, முற்றத்தில் கிணறு, வாசலில் ஸ்கூட்டர், உங்களுக்கு இது முதல் மாரி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

கிணற்றிலிருந்து தொடங்குங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் வெள்ளம் தேங்கி நின்றது. இங்கே நிலத்தடி சுண்ணாம்புக்கல், மலசலகூடக் குழியின் அழுக்கு வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள் இறங்கிவிடும். வெளியே தெளிவாகத் தெரியும் தண்ணீரை நம்பாதீர்கள். கிணற்றின் சுற்றுக்கட்டில் வெடிப்பு இருந்தால் இப்போதே சீமெந்து பூசுங்கள். வெள்ளம் ஏறினால் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுக் குளோரின் போடுங்கள், அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அப்புறம் கூரை. முகட்டு ஓட்டின் சாந்து உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், காற்று முதலில் அங்கேதான் பிடிக்கும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளிவிடுங்கள். கூரைப் பக்கம் சாய்ந்த கொப்பை வெட்டுவியுங்கள்.

ஸ்கூட்டரைத் திண்ணையில் ஏற்றி வையுங்கள். தவறி மூழ்கிவிட்டால் தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள்! உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே உடைத்துவிடும். ஒயிலைப் பாருங்கள்: பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போலிருந்தால், தரை நனைவதற்கு முன்பே மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.