ஸ்டென்ட் வைத்த பிறகு: மூன்று மாத்திரைகளில் எது யாருக்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. ஆறு வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினோடு டிகாக்ரெலார் 90 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறார். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் மாமாவுக்கோ குளோபிடோக்ரெல்தான் கொடுத்திருக்கிறார்கள். பிரசுக்ரெல் இன்னும் நல்லது என்கிறார் ஒருவர். அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறதாம். மாமாவின் மாத்திரைக்கு மாற்றிவிடலாமா?

பதில்: நீங்களாக மாற்ற வேண்டாம். ஒரு வேளைகூட நிறுத்தவும் வேண்டாம். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் உலோக வலை. அதன்மேல் உடலின் சொந்தச் சவ்வு படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்த உலோகத்தின்மேல் ரத்தம் உறைந்தால் குழாய் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அப்பா இப்போது அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறார். அதனால் இன்று இரவு மாத்திரையைப் போட்டுவிட்டாரா என்று முதலில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

‘ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ரத்தம் நீர்த்துப்போவதில்லை. காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடி வந்து ஒட்டுபவை தட்டணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பதுதான் ஆஸ்பிரினும் இந்த மூன்று மாத்திரைகளும் செய்யும் வேலை. மருத்துவமனையில் போட்ட ஹெப்பாரின் அல்லது எனாக்சாபரின் ஊசி வேறு வகை. அது ரத்தத்தில் உள்ள உறைவுப் புரதங்களைத் தடுக்கும். ஸ்டென்ட் வைத்து முடிந்ததும் பெரும்பாலும் அதன் தேவை தீர்ந்துவிடும்.

சரி, மூன்றையும் பார்ப்போம்.

குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றித் தந்தால்தான் மருந்தாகும். அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்கள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாலும் தட்டணுக்கள் போதிய அளவு அடங்காது. வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் ஒமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கும். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு அதற்குப் பதில் பான்டோப்ரசோல் கொடுப்பது இதனால்தான்.

பிரசுக்ரெலும் கல்லீரலில் மாற வேண்டியதுதான். ஆனால் அந்த மாற்றம் வேகமாக, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். 2007-ல் வெளியான ஆய்வில் 13,608 பேரிடம் இதைக் குளோபிடோக்ரெலோடு ஒப்பிட்டார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது குளோபிடோக்ரெல் சாப்பிட்டவர்களில் 2.4 சதவீதம், பிரசுக்ரெல் சாப்பிட்டவர்களில் 1.1 சதவீதம். ஆனால் கடுமையான ரத்தக்கசிவு கூடியது. முன்பு பக்கவாதம் வந்தவருக்கு, லேசாக வந்து சரியாகிப் போயிருந்தாலும், பிரசுக்ரெல் கூடாது. 75 வயதைத் தாண்டியவருக்குப் பொதுவாகத் தவிர்ப்போம். எடை 60 கிலோவுக்குக் கீழ் என்றால் 10 மி.கி.க்குப் பதில் 5 மி.கி.

டிகாக்ரெலார் எந்த மாற்றமும் தேவைப்படாமல் நேரடியாக வேலை செய்யும். 2009-ல் 18,624 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் குளோபிடோக்ரெல் தரப்பில் 5.9 சதவீதம், டிகாக்ரெலார் தரப்பில் 4.5 சதவீதம். ஆனால் இது தட்டணுவில் நிரந்தரமாக ஒட்டுவதில்லை, விட்டுவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வீடுகளில் தவறு நடப்பதும் இங்கேதான். மாதக் கடைசியில் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பேன். ஆஸ்பிரின் அட்டை தீர்ந்திருக்கும், டிகாக்ரெலாரில் ஐந்தாறு மிச்சம் இருக்கும். எல்லாம் விட்டுப்போன இரவு மாத்திரைகள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை ஒன்றே போதும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

பிரசுக்ரெலையும் டிகாக்ரெலாரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வந்தது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஓராண்டில் பிரசுக்ரெலில் 6.9 சதவீதம், டிகாக்ரெலாரில் 9.3 சதவீதம். ரத்தக்கசிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பக்கவாதம் வராத, 75 வயதுக்குக் கீழ்ப்பட்ட, ஸ்டென்ட் வைத்தவருக்கு நான் முதலில் நினைப்பது பிரசுக்ரெலைத்தான். அதற்காக டிகாக்ரெலார் தவறான தேர்வு என்று நினைக்காதீர்கள். அதுவும் நல்ல மருந்துதான்.

மாமாவுக்கு மட்டமான மருந்து கொடுத்துவிட்டார்கள் என்றும் வருந்த வேண்டாம். முதலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தாலோ, இதயத் துடிப்புக் கோளாறுக்காக வேறு உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிட்டாலோ, முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு இருந்திருந்தாலோ குளோபிடோக்ரெல்தான் அவருக்குப் பாதுகாப்பு.

எந்த மாத்திரையானாலும் சவரம் செய்யும்போது கீறினால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும். பல் துலக்கும்போது ஈறில் லேசாகக் கசியலாம். அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், இதற்கெல்லாம் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி, திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கிப் போடவே கூடாது. பல் பிடுங்கச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இனி அந்த மூச்சுமுட்டல். டிகாக்ரெலார் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இது வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதே ஆழமாக ஒரு மூச்சு இழுக்க வேண்டும்போல இருக்கும். நடந்தால் அதிகமாகாது. நுரையீரலுக்குக் கேடில்லை, பலருக்கு நாளாக ஆகத் தானே குறைந்துவிடும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, கால் வீங்குகிறதா, படி ஏறினால் அதிகமாகிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அது இதயம் பலவீனப்படுவதாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்த்துவிடுவது நல்லது.

இதயம் சரியாக இருந்து, மூச்சுமுட்டல் மட்டும் பொறுக்க முடியவில்லை என்றால், மருத்துவர் பிரசுக்ரெலுக்கோ குளோபிடோக்ரெலுக்கோ மாற்றித் தருவார். கடைசி டிகாக்ரெலாருக்குப் பிறகு எத்தனை மணி நேரம் கழித்துப் புது மாத்திரை, முதல் வேளைக்கு எத்தனை மி.கி., இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.