மன்னார்குடியில் வீட்டிலிருந்து ஆன்லைன் அசைன்மென்ட்: கவனம் சிதறாமல் முடிப்பது எப்படி?

போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து எழுத உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பிலேயே பொழுது போய்விடுகிறது என்கிறீர்கள். நெட் தருவதும் கவனத்தைக் கெடுப்பதும் ஒரே போன், அதுதான் சிக்கல். சைலன்ட் மட்டும் போதாது. திரை ஒளிர்ந்தாலே கை போகும். யுஎஸ்பி டெதரிங் (போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து நெட் தருவது) போட்டு, 'டூ நாட் டிஸ்டர்ப்' வைத்து, போனைக் குப்புறக் கவிழ்த்துவிடுங்கள். சார்ஜும் ஏறும்.

முதல் 10 நிமிடத்தில் கேள்விகள், பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு நெட்டை அணையுங்கள். நடுவில் ஏதாவது தேடத் தோன்றினால் நோட்டில் குறித்து வைத்து, கடைசியில் மொத்தமாகத் தேடுங்கள். நடுவில் செய்யும் அந்த ஒரு தேடல்தான் யூடியூப்பில் கொண்டுபோய் விடும். 25 நிமிட எழுத்து, 5 நிமிட ஓய்வு என்ற பொமடோரோ முறை கட்டுரைக்குச் சரி. கணக்குக்கு 45 நிமிடமாவது வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டை நம்ப முடியாது. இரவு 11.59 கெடு என்றால் மாலையிலேயே ஏற்றி, கூகுள் கிளாஸ்ரூமில் 'டர்ன்டு இன்' (ஒப்படைத்தாயிற்று) என்று வந்ததா என்று பாருங்கள்.